மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பில் கட்டுப்பாட்டுத் தடங்கள்

கட்டுப்பாட்டுத் தடங்கள் என்பவை, பேச்சு, படம், செய்தி ஆகிய பயனர் தரவுகளைச் சுமக்காமல், அவற்றைச் சுமக்கும் வானலை இணைப்பை ஏற்படுத்தவும் காக்கவும் முடித்துவைக்கவும் பயன்படும் சைகைத் தடங்கள் ஆகும். எல்லாத் தலைமுறைக் கைபேசி வலையமைப்புகளிலும் இவை உண்டு. ஆயினும் மூன்றாம் தலைமுறையில், குறிப்பாக டபிள்யூ-சிடிஎம்ஏ முறையில், இவற்றின் பங்கு மிகப் பெரியது. அம்முறையில் கட்டுப்பாட்டுத் தடம் சில நூறு மில்லிவிநாடிகள் தவறினாலே ஓர் உரையாடல் அறுந்துபோகலாம். ஒரு கைபேசி கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் அந்தக் கோபுரத்தின் கீழுள்ள மற்றவர்களின் பேச்சும் கெடலாம். இத்தடங்கள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு இயங்கின, ஏன் மாற்றப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்வரலாறு

1983 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கிய முதல் தலைமுறை ஒப்புமை முறையில், அழைப்பைத் தொடங்குவதற்கெனத் தனி அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பேச்சு தொடங்கிய பின்னர் கோபுரம் கைபேசிக்கு ஏதேனும் கட்டளை அனுப்ப வேண்டுமானால், பேச்சை ஒரு கணம் நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் தரவை அனுப்பியது. கேட்பவரின் காதில் அது சிறு வெட்டாக ஒலித்தது.

1991இல் பின்லாந்தில் வணிகச் சேவைக்கு வந்த ஜிஎஸ்எம் முறை, இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. இதில் ஒவ்வோர் உரையாடலோடும் மெதுவான துணைத் தடம் ஒன்று இணைக்கப்பட்டது. கைபேசி தான் பெறும் சைகையின் வலிமையை 480 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை, இத்தடத்தின் வழியே அறிவித்தது. அவசரக் கட்டளைகளுக்கு, பேச்சுக்குரிய இடத்தைத் திருடிக்கொள்ளும் வேறொரு விரைவுத் தடம் இருந்தது. ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வொரு பயனருக்கும் தனி நேரக்கூறு கிடைத்ததால், விநாடிக்கு இரண்டு அறிக்கைகள் போதுமானவையாக இருந்தன. ஒருவரின் கைபேசி சற்று உரக்க ஒலிபரப்பினாலும் அதே கோபுரத்தின் கீழுள்ள மற்றவருக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

அண்மை – சேய்மைச் சிக்கல்

குறியீட்டுப் பகிர்வு முறையான சிடிஎம்ஏயில் நிலைமை வேறு. இங்கு எல்லாரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் ஒலிபரப்புவர். ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனிக் குறியீட்டைக் கொண்டு கோபுரம் அவர்களைப் பிரித்தறியும். மற்றவர்களின் சைகைகள் அனைத்தும் அதற்கு இரைச்சலே.

கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கடைசி வரிசையில் இருப்பவர் பேசுவது கேட்காது. கோபுரத்தின் நிலையும் அதுதான். கோபுரத்தின் அடியில் நிற்கும் கைபேசிக்கும் எல்லையில் நிற்கும் கைபேசிக்கும் இடையே சைகை இழப்பில் 70 டெசிபெல் அளவுக்கு, அதாவது 1 கோடி மடங்கு, வேறுபாடு இருக்கக்கூடும். இருவரும் ஒரே திறனில் ஒலிபரப்பினால் தொலைவில் இருப்பவர் முற்றிலும் மறைந்துபோவார். இதுவே அண்மை – சேய்மைச் சிக்கல் எனப்படுகிறது. எல்லாக் கைபேசிகளின் சைகைகளும் கோபுரத்தை ஏறத்தாழச் சம அளவில் வந்தடையுமாறு, ஒவ்வொன்றின் திறனையும் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பதுதான் இதற்குத் தீர்வு.

அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் 1989 நவம்பரில் சான் டியாகோ நகரில் இம்முறையைச் செயல்விளக்கம் செய்து காட்டியது. 1993இல் அது ஐஎஸ்-95 என்னும் தரநிலையானது. அதில் கோபுரம் விநாடிக்கு 800 முறை 'கூட்டு' அல்லது 'குறை' என ஒரு பிட் கட்டளை அனுப்பியது. இதற்குத் தனித் தடம் இல்லை. கோபுரத்திலிருந்து வரும் பேச்சுத் தரவில் சில பிட்டுகளை நீக்கி, அவ்விடத்தில் கட்டளை செருகப்பட்டது. மேலும், கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் திசையில் வழிகாட்டிச் சைகை இல்லாததால், கோபுரம் அத்திசைச் சைகையை முழுத் திறமையுடன் பிரித்தெடுக்க இயலவில்லை. இவ்விரு குறைகளையும் நீக்குவது மூன்றாம் தலைமுறையின் பணியாயிற்று.

தரநிலை உருவான விதம்

1992இல் ஸ்பெயினில் நடைபெற்ற உலக வானலை நிர்வாக மாநாடு, எதிர்காலக் கைபேசிச் சேவைக்காக 2 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 230 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை அடையாளம் கண்டது. 1998 சனவரியில் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைக் கழகம் இணை அலைவரிசைகளுக்கு டபிள்யூ-சிடிஎம்ஏ முறையைத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானும் ஏறத்தாழ இதே முறையை உருவாக்கி வந்தது. அவ்வாண்டு திசம்பரில் 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பு தோன்றி, பல நாடுகளின் பணிகளை ஒன்றிணைத்தது.

தொடக்க வடிவத்தில் ஒரு சட்டகம் 16 நேரக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குறியீட்டு வேகம் விநாடிக்கு 40.96 லட்சம் சிப். அமெரிக்கத் தரப்புடன் ஏற்பட்ட இணக்கப் பேச்சின் விளைவாக 1999இல் வேகம் 38.4 லட்சம் சிப்பாகக் குறைக்கப்பட்டது. அதன்படி 10 மில்லிவிநாடி நீளமுள்ள ஒவ்வொரு சட்டகமும் 15 நேரக்கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு நேரக்கூறிலும் 2560 சிப். நேரக்கூறு ஒன்றுக்கு ஒரு திறன் கட்டளை என்பதால், கட்டளைகளின் எண்ணிக்கை விநாடிக்கு 1500 என நிலைபெற்றது. இந்த முதல் தரநிலைத் தொகுப்பு 'வெளியீடு 99' எனப்படுகிறது.

கோபுரத்தைக் கண்டறிதல்

ஐஎஸ்-95 முறையில் கோபுரங்கள் அனைத்தும் செயற்கைக்கோள் வழியே நேரத்தைப் பெற்று ஒரே கடிகாரத்தில் இயங்கின. டபிள்யூ-சிடிஎம்ஏ முறையை வகுத்தவர்கள் அந்தச் சார்பை விரும்பவில்லை. கட்டடங்களுக்குள்ளும் சுரங்கப் பாதைகளிலும் நிறுவப்படும் சிறு நிலையங்களுக்குச் செயற்கைக்கோள் சைகை கிடைப்பது கடினம். எனவே ஒவ்வொரு கோபுரமும் தன் சொந்தக் கடிகாரத்தில் இயங்க விடப்பட்டது. இதனால் கைபேசி, எந்த நேரக் குறிப்பும் இல்லாமல், புதிதாகக் கோபுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இத்தேடல் மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில், எல்லாக் கோபுரங்களும் பொதுவாக ஒலிபரப்பும் முதன்மை ஒத்திசைவுக் குறியீட்டைக் கொண்டு நேரக்கூறின் தொடக்கத்தைக் கைபேசி அறிகிறது. அடுத்து, இரண்டாம் ஒத்திசைவுக் குறியீடுகளின் வரிசையைக் கொண்டு சட்டகத்தின் தொடக்கத்தையும், 64 குழுக்களுள் கோபுரம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதையும் கண்டுகொள்கிறது. ஒவ்வொரு குழுவிலும் 8 முதன்மைக் குறியீடுகள் உண்டு, மொத்தம் 512. மூன்றாவதாக, பொது வழிகாட்டித் தடத்துடன் ஒப்பிட்டு அந்த எட்டில் ஒன்றைத் தெரிவு செய்கிறது. 512 குறியீடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குப் பதிலாக எட்டை மட்டும் சோதிப்பதால் நேரமும் மின்கலமும் மிச்சமாகின்றன.

பொது வழிகாட்டித் தடம் எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. அனைவரும் முன்னரே அறிந்த ஒரே வடிவத்தை ஓயாமல் ஒலிபரப்புவதே அதன் வேலை. ஆயினும் கோபுரத்தின் திறனில் பொதுவாக ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இதற்கே செலவிடப்படுகிறது. கைபேசி சைகை இழப்பை மதிப்பிடுவதும், கோபுரங்களை ஒப்பிடுவதும், பிற தடங்களைச் சரியாகப் பிரித்தெடுப்பதும் இதைக் கொண்டே. இதன் திறனைக் கூட்டினால் கோபுரத்தின் எல்லை விரியும். ஆனால் உரையாடல்களுக்கு மிஞ்சும் திறன் குறையும்.

அழைப்பும் முதல் தட்டலும்

கைபேசி சும்மா இருக்கும்போது பெரும்பாலும் உறங்குகிறது. வலையமைப்பு நிர்ணயித்த கால இடைவெளியில், 80 மில்லிவிநாடி முதல் 5.12 விநாடி வரையில் ஒருமுறை, அது விழித்து அழைப்புக் குறிகாட்டித் தடத்தில் தனக்குரிய சில பிட்டுகளை மட்டும் பார்க்கிறது. குறி எழுப்பப்பட்டிருந்தால்தான் அழைப்புச் செய்தியைப் படிக்கிறது; இல்லையேல் மீண்டும் உறங்குகிறது. இடைவெளி நீண்டால் மின்கலம் நீடிக்கும். ஆனால் வரும் அழைப்பு மணியடிக்கத் தாமதமாகும்.

கைபேசி தானே தொடர்புகொள்ள வேண்டுமெனில், வாயிற்கதவைத் தட்டுவது போன்ற முறையைக் கையாள்கிறது. வழிகாட்டித் தடத்தின் வலிமையைக் கொண்டு சைகை இழப்பைக் கணக்கிட்டு, சற்றுக் குறைந்த திறனிலேயே 4096 சிப் நீளமுள்ள ஒரு முன்னோட்டத்தை அனுப்புகிறது. மறுமொழி வராவிட்டால் திறனைப் படிப்படியாக உயர்த்தி மீண்டும் தட்டுகிறது. கோபுரம் அதைக் கேட்டதும் ஈட்டுக் குறிகாட்டித் தடத்தில் 'வரலாம்' என்றோ 'இப்போது வேண்டாம்' என்றோ விடை தருகிறது. 'வரலாம்' என்றால் மட்டுமே கைபேசி தன் செய்தியை அனுப்பும். முதலிலேயே உரத்துத் தட்டினால் உள்ளே நடக்கும் மற்ற உரையாடல்கள் கெடும் என்பதே இந்தப் பணிவுக்குக் காரணம்.

இணைப்பைத் தாங்கும் தடம்

இணைப்பு ஏற்பட்டதும் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கட்டுப்பாட்டுத் தடம் ஒன்று தரப்படுகிறது. ஏறு திசையில், அதாவது கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு, இத்தடத்தின் ஒரு நேரக்கூறில் 10 பிட்டுகளே உள்ளன. ஒரு பொதுவான அமைப்பில் 6 பிட் வழிகாட்டிச் சைகைக்கும், 2 பிட் திறன் கட்டளைக்கும், 2 பிட் தரவின் வடிவத்தை அறிவிப்பதற்கும் பயன்படும். ஐஎஸ்-95 முறையில் இல்லாத ஏறு திசை வழிகாட்டிச் சைகை இங்கு இடம்பெற்றது. அதனால் கோபுரம் பலவீனமான சைகையையும் தெளிவாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

இறங்கு திசையில் கட்டுப்பாட்டுப் பிட்டுகளும் தரவுப் பிட்டுகளும் ஒரே நேரக்கூறில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டன. ஏறு திசையில் அவ்வாறு செய்யவில்லை. இரண்டும் தனித்தனிக் குறியீடுகளில் ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டன. இதற்கு ஒரு மனிதக் காரணம் உண்டு. ஜிஎஸ்எம் கைபேசி விநாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால், அருகிலுள்ள வானொலிப் பெட்டியிலும் காதுகேட்கும் கருவியிலும் 'கர்ர்' என்ற இரைச்சல் எழுந்தது. புதிய முறையிலும் பேசாத நேரங்களில் தரவுப் பகுதி மட்டும் விட்டுவிட்டு நின்றால், விநாடிக்கு 1500 துடிப்புகள் உண்டாகும். அதுவும் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்தான் வரும். எனவே பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டுத் தடம் இடையறாது ஒலிபரப்புமாறு வடிவமைக்கப்பட்டது.

திறன் கட்டுப்பாடு இரண்டு சுற்றுகளாக நடைபெறுகிறது. உள்சுற்றில் கோபுரம் ஒவ்வொரு நேரக்கூறிலும் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, இலக்கைவிடக் குறைவாயின் கூட்டவும், மிகுதியாயின் குறைக்கவும் கட்டளையிடுகிறது. ஒரு கட்டளைக்கு வழக்கமாக 1 டெசிபெல் மாற்றம். வெளிச்சுற்று, பிழையுடன் வரும் தரவுத் தொகுதிகளின் விழுக்காட்டைப் பார்த்து அந்த இலக்கையே திருத்துகிறது.

விநாடிக்கு 1500 கட்டளை ஏன் தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 செ.மீ. பல திசைகளில் எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால், ஏறத்தாழ 7.5 செ.மீ. நகர்வுக்கு ஒருமுறை சைகை சட்டென்று தாழும். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடப்பவருக்கு விநாடிக்கு 11 தாழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் 130க்கு மேற்பட்ட கட்டளைகள் கிடைக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தில் விநாடிக்கு ஏறத்தாழ 185 தாழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் 8 கட்டளைகளே மிஞ்சும். ஆகவே திறன் கட்டுப்பாடு நடப்பவருக்கு நன்றாகப் பயன்படுகிறது. விரைந்து செல்பவருக்குப் பிழைதிருத்தும் குறியீடே பெரிதும் கைகொடுக்கிறது.

மென் கைமாற்றமும் தெருமுனைச் சிக்கலும்

எல்லாக் கோபுரங்களும் ஒரே அலைவரிசையில் இயங்குவதால், எல்லைப் பகுதியில் கைபேசி ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று கோபுரங்களுடன் இணைந்திருக்க இயலும். இது மென் கைமாற்றம் எனப்படும். அப்போது ஒவ்வொரு கோபுரமும் தனித்தனியே திறன் கட்டளை அனுப்பும். அவை முரண்பட்டால், நம்பத்தக்க கட்டளைகளுள் ஒன்றேனும் 'குறை' என்றிருந்தால் கைபேசி குறைத்தே ஆக வேண்டும். ஒரு கோபுரத்துக்கு நன்றாகக் கேட்டால் போதும். மற்றக் கோபுரத்தில் வீண் இரைச்சல் எழக்கூடாது.

புதிய கோபுரத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு கூறும் செய்தி, பழைய கோபுரத்தின் வழியாகத்தான் கைபேசிக்கு வந்தது. இதில் ஓர் இடர் இருந்தது. உயர்ந்த கட்டடங்கள் உள்ள நகரில் ஒரு தெருமுனையைத் திரும்பியதும் பழைய கோபுரம் சட்டென மறைந்து, புதியது முழு வலிமையுடன் தோன்றும். காப்பாற்ற வேண்டிய செய்தி, முறிந்துகொண்டிருக்கும் இணைப்பின் வழியே வந்து சேர வேண்டும். அது தாமதமானால் அழைப்பு அறுந்தது. பின்னாளில், வெளியீடு 8இல், விரைவுத் தரவு இணைப்புகளுக்குப் புதிய கோபுரமே நேரடியாகக் கட்டளை அனுப்பும் வழி சேர்க்கப்பட்டது.

இணைப்பு முறிவு

கட்டுப்பாட்டுத் தடத்தின் தரத்தைக் கைபேசி எப்போதும் கண்காணிக்கிறது. 160 மில்லிவிநாடி அளவுக்கு அது வரம்புக்குக் கீழே இருந்தால், அடுத்த 40 மில்லிவிநாடிக்குள் கைபேசி தன் ஒலிபரப்பை நிறுத்திவிட வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கட்டளை காதில் விழாத கைபேசி, தான் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பதை அறியாது. பிறரைக் காக்க அது வாயை மூடியாக வேண்டும். தொடர்ந்து தரம் மீளாவிட்டால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதன் வழக்கமான மதிப்பு 3 விநாடி. அதற்குள் மீளவில்லையெனில் இணைப்பு முறிந்ததாகக் கொள்ளப்படும். பேசுபவர் 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிடும் அந்த அமைதியான நொடிகளில் நடப்பது இதுவே.

கட்டளைகளின் நம்பகத்தன்மையும் மூன்றாம் தலைமுறையில் உயர்ந்தது. ஜிஎஸ்எம் முறையில் வலையமைப்பு கைபேசியைச் சோதித்தது. கைபேசி வலையமைப்பைச் சோதிக்கவில்லை. அதனால் போலிக் கோபுரங்கள் கைபேசிகளை ஏமாற்ற முடிந்தது. மூன்றாம் தலைமுறையில் இருவழிச் சரிபார்ப்பு வந்தது; கட்டுப்பாட்டுச் செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் முத்திரையும் சேர்க்கப்பட்டது.

விரைவுத் தரவும் புதிய தடங்களும்

வெளியீடு 99 வலையமைப்புகளில் நடைமுறையில் தரவு வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 384 கிலோபிட் அளவில் நின்றது. ஒவ்வொரு முடிவும் கோபுரங்களுக்குப் பின்னால் தொலைவில் இருந்த கட்டுப்பாட்டகத்தில் எடுக்கப்பட்டதால் தாமதம் ஏற்பட்டது. 2002இல் வந்த வெளியீடு 5, எச்எஸ்டிபிஏ என்னும் முறையில் இம்முடிவுகளைக் கோபுரத்துக்கே மாற்றியது. இதற்கெனப் புதிய கட்டுப்பாட்டுத் தடங்கள் தோன்றின. ஒன்று, அடுத்த 2 மில்லிவிநாடித் தரவு யாருக்குரியது, எந்த வடிவில் வருகிறது என்பதை இரண்டு நேரக்கூறுகள் முன்னதாக அறிவித்தது. மற்றொன்று, தரவு நலமாக வந்ததா என்ற விடையையும், தான் இப்போது எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை 0 முதல் 30 வரையான மதிப்பெண்ணாகவும் கைபேசியிடமிருந்து கொண்டுசென்றது. கோட்பாட்டளவில் வேகம் விநாடிக்கு 14 மெகாபிட்டை எட்டியது.

வெளியீடு 6 ஏறு திசைக்கும் இத்தகைய வசதியைத் தந்தது. தரவு முழுவதும் புதிய தடங்களில் சென்றதால், ஒவ்வொரு பயனருக்கும் ஒதுக்கிய பழைய இறங்கு தடத்தில் திறன் கட்டளை மட்டுமே மிஞ்சியது. அதற்காக ஒரு முழுக் குறியீட்டை ஒதுக்குவது வீண் என்பதால், ஒரே குறியீட்டைப் பத்துப் பேர் வரை நேரம் பிரித்துப் பகிர்ந்துகொள்ளும் தடம் வகுக்கப்பட்டது.

திறன்பேசிகள் வந்தபோது

பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு, இணையப் பயன்பாடு பெருகியதும் தடுமாறியது. பேசுபவர் சில நிமிடங்கள் தொடர்ந்து இணைப்பில் இருப்பார். திறன்பேசியோ ஒரு சிறு செய்தியைச் சரிபார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் எழும். ஒவ்வொரு முறையும் இணைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் பல கட்டுப்பாட்டுச் செய்திகள் பரிமாறப்பட வேண்டும். சில பைட்டு தரவுக்கு அதைவிட மிகுதியான சைகைப் பரிமாற்றம் நிகழ்ந்தது. மின்கலத்தைச் சேமிக்க, கைபேசிகள் தரவு முடிந்தவுடன் இணைப்பைத் தாமே துண்டிக்கக் கோரின. இதனால் சுமை மேலும் கூடியது. தரவுக்கு இடமிருந்தும் கட்டுப்பாட்டுப் பகுதி நிறைந்துபோனதால் புதிய அழைப்புகள் மறுக்கப்படும் நிலை தோன்றியது.

இதற்கு இரண்டு வகைத் தீர்வுகள் வந்தன. வெளியீடு 7இல், தரவு இல்லாதபோது ஏறு திசைக் கட்டுப்பாட்டுத் தடம் விட்டுவிட்டு ஒலிபரப்ப அனுமதிக்கப்பட்டது. காதுகேட்கும் கருவிகளை எண்ணி இடையறாது இயங்க வைக்கப்பட்ட தடம், தரவுக்காலத்தில் வீண்செலவாகிவிட்டதே காரணம். வெளியீடு 8இல், கைபேசி ஓய்வு கோரும்போது காரணத்தையும் தெரிவிக்கும் வழி சேர்க்கப்பட்டது. வலையமைப்பு அதை முற்றிலும் துண்டிக்காமல், விரைவில் எழுப்பக்கூடிய இடைநிலை உறக்கத்துக்கு அனுப்ப முடிந்தது.

பரவலும் நிறைவும்

ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனம் 2001 அக்டோபர் 1 அன்று 'ஃபோமா' என்ற பெயரில் உலகின் முதல் டபிள்யூ-சிடிஎம்ஏ வணிகச் சேவையைத் தொடங்கியது. ஐரோப்பாவில் 2003 முதல் இது பரவியது. தெற்காசியாவில் இலங்கையின் டயலொக் நிறுவனம் 2006இல் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான எம்டிஎன்எல் 2008 திசம்பரில் தில்லியில் தொடங்கியது. 2010 மே மாதம் முடிவடைந்த அலைக்கற்றை ஏலத்தில் இந்திய அரசுக்கு ஏறத்தாழ 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் தனியார் சேவைகள் வந்தன.

நான்காம் தலைமுறை முறையான எல்டிஇ, ஒரே கோபுரத்தின் கீழுள்ள பயனர்களை மீண்டும் தனித்தனி அலைவெண்களிலும் நேரங்களிலும் பிரித்தது. அதனால் விநாடிக்கு 1500 திறன் கட்டளைகளின் தேவை நீங்கியது. ஆனால் தரவுக்கு முன்னரே அறிவிக்கும் தடம், தரமதிப்பெண், 'வந்தது – வரவில்லை' என்னும் விடை ஆகியவை அப்படியே தொடர்ந்தன. பல நாடுகளில் மூன்றாம் தலைமுறை வலையமைப்புகள் மூடப்பட்டு வருகின்றன; அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் மூடியது. வலையமைப்பு மூடப்படும்போது வழிகாட்டித் தடமும் அணைகிறது. அதன் பின்னர், அத்தலைமுறையை மட்டுமே அறிந்த கருவிகள், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், மூன்று படிகளில் முதல் படியையே தாண்ட முடியாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்.